சாம்பிராணி குடித்த லேப்டாப்

அன்பு மகன் அய்மனுக்கு, உன் உம்மா ஆசியா உம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை தஸ்மியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் பத்தமடையில் நானும் வாப்பாவும் தங்கச்சியும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாய் இருக்க துஆச் செய்கிறோம். இந்த வீட்டில் சுகமில்லாதது நீ விட்டுப்போன லேப்டாப் ஒன்றுதான். நேற்றுப் போனில் நீ கேட்டபோது எல்லாம் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன், அது பொய். உன் குரல் ஏற்கெனவே இறங்கிக் கிடந்தது, பக்கத்தில் உன் அறைக்காரர்கள் பேச்சும் கேட்டது, உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தெரு நூர்முகம்மது மதியம் லுஹர் தொழுததும் திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறுகிறான், அங்கேயிருந்து மஸ்கட் விமானம். அவன் கையில் பென்டிரைவோடு இந்தக் கடிதமும் வரும். இப்போது மணி பத்தே முக்கால், நீ கேட்ட பதினான்கு போல்டரில் இதுவரை ஏறியது ஐந்து.

இந்த மாதக் கடைசியோடு உன் கம்பெனி ஒப்பந்தம் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்பெனியில் நீயே வரைந்த கட்டடப் படங்களைக் காட்டாவிட்டால் விசாவும் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்பது எனக்கும் விளங்குகிறது. பாளையங்கோட்டையில் அந்த இன்ஜினியரிடம் மூன்று வருடம் குனிந்த தலை நிமிராமல் நீ வரைந்ததெல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. திங்கட்கிழமையே தஸ்மியா நெட்டில் அனுப்பப் பார்த்தாள். பாதி போகும்போது அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், உள்ளே விசிறி ஊளையிடும், பிறகு திரை கறுத்து அணைந்துவிடும். மறுபடி போட்டால் முதலிலிருந்து அனுப்பச் சொல்லும். இப்படி மூன்று நாள். நான் ஐஸ் கட்டியைத் துணியில் கட்டி அடியில் வைக்கலாமா என்றேன், ஃபிரிட்ஜில் அரைமணி வைத்து எடுக்கலாமா என்றும் கேட்டேன், இவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆட்டுக்கால் சூப்பில் சீனி போட்டவளைப் பார்க்கிற மாதிரி. உள்ளே ஈரம் கோத்தால் உள்ளதும் போய்விடுமாம், அவள் இயற்பியல் புத்தகத்தைத் திறந்து பக்கத்தையே காட்டினாள்.

நேற்று இவள் பள்ளிக்கூடப் பையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனோம். ரிப்பேர் கடைக்காரர் பெயர் சுடலைமாடன், நல்ல மனிதர், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அடி மூடியைக் கழற்றினவர் மூக்கைச் சுளித்து, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, இது லேப்டாப்பா தூபக்காலா? ஃபேனுக்குள்ள சாம்பிராணி வாசம்லா அடிக்கி!” என்றார். பிரஷ்ஷால் சுரண்டினார், கறுப்பாக, பிசுபிசுவென்று தூசியும் பிசினும் சேர்ந்து ஒட்டடை மாதிரி வந்தது. காற்றுப் போகிற சந்தெல்லாம் அதுதான் அடைத்திருந்தது, ஃபேனின் இறக்கையிலும் ஒன்று ஒடிந்திருந்தது. கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

(அய்மன் காக்கா, இது தங்கச்சி நான் எழுதுவது. இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று உம்மா சொன்னார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போது எழுது என்கிறார்கள்.)

அந்தப் புகை நான் காட்டியது. வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது உனக்குத் தெரியும். நீ போன பிறகு ஒவ்வொரு வியாழனும் இவளிடம் லேப்டாப்பைத் திறந்து வைக்கச் சொல்வேன், திறந்ததும் உன் படம்தானே வரும், நீலச் சட்டை போட்டு நிற்பாயே அது. எல்லோருக்கும் புகை காட்டிவிட்டு உன் முகத்துக்குக் காட்டாமல் என் மனசு கேட்காது. கண்ணேறு கழியட்டும் என்று சட்டியைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்பேன். புகை பைய அதற்குள் இழுபட்டுப் போகும், பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம், பிள்ளை வாங்கிக்கொள்கிறான் என்று. ஃபேன் இழுக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள். இரண்டு வருட வியாழன் அதற்குள் இருக்கிறது, மகனே. உன் வேலைக்கு வந்த இடைஞ்சல் வேறு யாராலும் இல்லை, என்னால்தான்.

அண்ணாச்சியிடம் எப்படியாவது படங்களை மட்டும் எடுத்துத் தரக் கேட்டேன். “எடுத்துத் தாரேம்மா, ஆனா வச்சிட்டுப் போகணும். எனக்கு முன்னால பத்துப் பெட்டி நிக்கி. நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்” என்றார். சாயங்காலம் நூர்முகம்மது ஏர்போர்ட்டில் இருப்பான். அதனால் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். மெத்தையிலும் பாயிலும் வைக்காதீர்கள், அடியில் காற்றுப் போகணும், எட்டு நிமிஷம் ஓட்டுங்கள், தானாக அணைகிறவரை விடாமல் நீங்களே அணைத்து நன்றாக ஆறவிடுங்கள், பெரிய போல்டரைத் துண்டு துண்டாக எடுங்கள் என்றார். கூலி கேட்டதற்கு, “பையன் வேலையில சேந்த பொறவு தாங்க, இப்ப போங்க” என்று அனுப்பிவிட்டார்.

இன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் மேசையில் நான்கு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தோம். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்த பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. மாதப் பராமரிப்பாம், ஒன்பதிலிருந்து இரண்டு வரை. இனி பேட்டரியில் இருக்கிறதுதான் கணக்கு. நான் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டேன். இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்கிறாள், அணைத்து ஆறுகிற நேரத்தில் இந்தக் கடிதம் நடக்கிறது, அதனால் பேச்சு அறுந்து அறுந்து இருந்தால் மனசில் வைக்காதே.

ஒன்பதாவது போல்டர் ஏறிக்கொண்டிருந்தபோது எட்டு நிமிஷம் ஆகுமுன்னே அது தானாக அணைந்தது. இவள் ஐயோ என்று தலையில் கை வைத்தாள். அய்மன், ஒன்று சொல்கிறேன், சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட எனக்கு மனசு வரவில்லை. திரை கறுத்த அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. போகட்டும், இந்தப் படமெல்லாம் போகட்டும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்று. விசிறி என் மடியில் கிடந்தது. இவள்தான், “ஏன் உம்மா நிறுத்திட்டிய, வீசுங்க, சீக்கிரம் ஆறணும்லா” என்று சத்தம் போட்டாள். அப்புறம்தான் வீசினேன். கை கடுக்கக் கடுக்க வீசினேன்.

(காக்கா, பிறகு நான் கை மாற்றக் கேட்டும் உம்மா விசிறியைத் தரவில்லை.)

மணி ஒன்றாகிறது. பதின்மூன்று ஏறிவிட்டது, பேட்டரி ஒன்பது சதவீதம் என்று காட்டுகிறது. பள்ளிவாசலிலிருந்து தொழுதுவிட்டு ஆட்கள் திரும்பிவிட்டார்கள். வாப்பா நூர்முகம்மது வீட்டு வாசலில் கார் டிரைவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, “ஏலே, டயரில காத்து கொறவா இருக்கே, பாத்தியா? ஒரு டீயக் குடிச்சிட்டுப் போ வே, விமானம் ஓடியா போயிரும்” என்று சொல்லிக்கொண்டிருப்பது இங்கே வரை கேட்கிறது. நூர்முகம்மது பொண்டாட்டி நஃபீஸத் என்னை மனசுக்குள் என்ன சொல்கிறாளோ.

பதினான்காவதைத் தேடும்போது இவள் உன் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டாள். ‘நம்ம வீடு’ என்று பெயர். திறந்து காட்டினாள். வாசல் கிழக்கே, அடுப்படிக்குப் பெரிய ஜன்னல், தெருப்பக்கத்து அறைக்கு நேரே ‘உம்மா’ என்று எழுதி வைத்திருக்கிறாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ. இவள், “உம்மா, பேட்டரி ஒண்ணுக்குத்தான் தாங்கும், எதை ஏத்த?” என்று கேட்டாள். “ஏட்டி, அவன் கேட்டத ஏத்து” என்றேன்.

ஏறிவிட்டது மகனே. அல்ஹம்துலில்லாஹ். பதினான்கும் ஏறிவிட்டது. பென்டிரைவைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மடித்திருக்கிறேன், அது கிடைத்ததும் முதலில் நூர்முகம்மதை வைத்துக்கொண்டே திறந்து பார், பிறகு எனக்குப் போன் பண்ணு. உன் புது லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து வேலை செய்யாதே. இந்தப் பழைய லேப்டாப்பைச் சனிக்கிழமை அண்ணாச்சியிடம் புது ஃபேன் போடக் கொடுக்கப் போகிறோம். இனி வியாழன்தோறும் உனக்கு துஆ மட்டும்தான், புகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கேட்கிற கேள்விக்குப் பதறாமல் பதில் சொல்லு, அல்லாஹ் உன் நாவில் தெளிவைத் தருவான், உன் கையில் பரக்கத்தைத் தருவான். வேலை போய் நீ வர வேண்டாம், நான் அப்படி நினைத்ததை மன்னித்துவிடு. வேலை நிலைத்த பிறகு லீவு வாங்கிக்கொண்டு வா. அந்த வீட்டுப் படம் இங்கேதான் இருக்கிறது, நீ வந்து உன் கையால் திறந்து காட்டு. டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்.

இப்படிக்கு உன் உம்மா,
ஆசியா உம்மாள்