கட்டிலருகே எடுத்த படம்

மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை, அதனால் கேட்டு வைக்கிறேன். அப்பா இப்போதைக்கு மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சாப்பாட்டில் உப்பைக் குறைத்ததற்கு அவர் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், உன் தங்கைக்குப் பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். போனில் பேசினால் குறுக்கே பேசுவாய், இல்லையென்றால் சிக்னல் இல்லை என்பாய். காகிதத்தோடு மல்லுக்கட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று காலையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தவர் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பேச்சு வந்த நாளிலிருந்து நீ கண்ணாடிச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். அப்பாவை நாற்காலியில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கினோம். மூன்று நாள் அவர் கடையே திறக்கவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "அண்ணி, எங்க முறைப்படி அண்ணனுக்காக ரெண்டு வார்த்தை வேண்டிக்கட்டுமா, உங்களுக்குச் சங்கடம்னா வெளியில நின்னே வேண்டிக்கிறேன்" என்றார். வேறு சாமி கும்பிடுகிற மனுஷன், நம் வீட்டு ஆளுக்காக வேண்டிக்கொள்ள என்னிடம் அனுமதி கேட்டார். தாராளமா வேண்டிக்குங்க என்றேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணை மூடி, பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூடக் கேட்காதபடி உதட்டுக்குள்ளேயே சொன்னார். அதை நான் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். அவரைக் கேட்காமல் எடுத்தேன், முதல் அடி எனக்குத்தான் விழ வேண்டும். அப்பா பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று பார்த்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

நீ என்ன செய்தாய்? பொய்ச் சாமியைக் கும்பிடுகிறவனும் கடைசியில் எங்கள் சாமி காலடிக்குத்தான் வர வேண்டும் என்று எழுதி, கும்பிடுகிற கைகளை நாலைந்து ஒட்டி, அந்தப் படத்தை ஊருக்கே போட்டாய். அப்பாவின் மூக்கில் ட்யூப், திறந்த மார்பு, அவர் முகம், எல்லாவற்றையும் போட்டாய். முன்பின் தெரியாதவனெல்லாம் வந்து சித்தப்பாவைப் பற்றி எழுதினதைப் படித்தாயா? வந்ததற்கெல்லாம் போனில் இதயப் படத்தைத் தட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பாய். அவர் சாமியைக் கும்பிடுகிற ஆட்களே கடைக்கு வந்து, அவங்க கட்டில்கிட்ட உனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் அவருக்குத்தான் அடி.

போன வாரம் அவர் போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். உட்காரவில்லை. "அண்ணி, இது தம்பி எழுதினதா, இல்ல யாராவது அவன் பேர்ல எழுதிட்டாங்களா?" என்று கேட்டார். திட்ட வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வழி தேடிக்கொண்டு வந்திருந்தார். அவன் எழுதினதுதான் என்று என் வாயால் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், பக்தியிலதாம்மா எழுதினேன், நாலாயிரம் பேருக்குப் பிடிச்சிருக்கு என்றாய். பிறகு, அழிச்சிட்டேன் விடும்மா என்றாய். நீ அழித்தது உன் பக்கத்தில்தான்டா. மற்றவர்கள் எடுத்து வைத்திருப்பதை எதால் அழிப்பாய்? சாமியைப் பற்றி எழுதாதே என்று நான் சொல்லவில்லை. உன் சாமி உனக்கு என்ன செய்தார், உன் மனசு எப்படி நிறைந்தது, அதை எழுது, நானும் படித்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடுத்தவர் சாமியை மிதித்து ஏறி நின்றுதான் உன் சாமியைக் காட்ட வேண்டுமென்றால் அதற்குப் பெயர் பக்தி இல்லை, திமிர். அடுத்தவர் முகத்தைப் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனக்கே இந்த வயசில்தான் உறைத்தது.

விஷயம் தெரிந்ததும் அப்பா டாக்டர் பேச்சையும் மீறிக் கீழே போக வேண்டுமென்று நின்றார். லிஃப்ட் மறுபடியும் நின்றுபோயிருந்தது, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். சித்தப்பா லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "உங்க மேல கோவம் இல்லண்ணே, ஆனா இனிமே மேல வரமாட்டேன். தம்பி லீவுக்கு வந்தா என் மூஞ்சியில முழிக்கணும், அந்தச் சங்கடம் அவனுக்கு வேண்டாம்" என்றார். அப்பா அங்கேயே அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன், மூடி வைத்துவிட்டார்.

நன்றாக இரு என்று எழுதக் கை வரவில்லை, பெற்றவள் என்பதால் எழுதுகிறேன், நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குப் பதில் போட வேண்டாம். நீ எழுதியது தப்பு என்று எழுதின இடத்திலேயே உன் பெயரைப் போட்டு எழுது, அவரைப் பற்றி ஒரு எழுத்து எழுதுவதற்கு முன்னால் அவரைக் கேள். கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். நம்பர் உன்னிடம் இருக்கிறது. அப்பா விழுந்த அன்று நீ முதலில் கூப்பிட்டு அழுதது அவரிடம்தான், அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அம்மா