ஐஸ் தொழிற்சாலையின் பெறுமதி

2006 யூலை 24, திங்கள்

கொழும்பு முதலீட்டு வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இரண்டு பேரை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் ஸல்ஹாவும். ஆகஸ்ட் பத்தாம் திகதி. பயிலுநர் இடமோ ஒன்றுதான்.

ஸல்ஹா குடாவின் அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வந்து, பின்னேரம் வரை எங்கள் வீட்டில் இருந்து படித்தாள். ஒரு கம்பனியில் இயந்திரங்களின் பெறுமானத் தேய்வு பத்து ரூபாய் கூடினால் கணக்குக் கூற்றுகளில் என்ன மாறும்? வரி முப்பது வீதம் என்று வைத்துக்கொண்டோம். இலாபம் ஏழு ரூபாய் குறையும் என்றேன். அது சரி. கையிலுள்ள காசும் குறையும் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"தேய்வு காசாவா வெளிய போகுது புள்ள? வரி குறையுதெல்லா, மூண்டு ரூபாய் மிச்சம்."

அவளுக்கு உடனே வருகிறது. எனக்கு ஏன் வருவதில்லை?

யூலை 29

இன்று ஸல்ஹாவோடு பெரிய வாக்குவாதம். நான்தான் கேள்வியைப் போட்டேன்: நம் துறைமுகத்தடியில் ஓர் ஐஸ் தொழிற்சாலை, அதன் பெறுமதியை எப்படிக் கணிப்பது? யுத்தம் நடக்கிறது, ஆபத்து அதிகம், ஆகவே நாளைய காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதத்தைக் கூட்ட வேண்டும் என்றேன்.

"எவ்வளவால கூட்டுவாய்? உன்ட பயத்துக்கு என்ன வீதம்?" என்று கேட்டாள்.

அவள் வழி வேறு. மீன்பிடிக்கக் கடல் திறந்திருந்தால் வரும் காசை ஒரு கணக்காகவும், மூடிவிட்டால் வருவதை இன்னொரு கணக்காகவும் போடு. ஒவ்வொன்றும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துச் சேர். விடாமல் எதிர்த்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

ஆகஸ்ட் 2

லாஞ்சி ஓடவில்லை. மூதூர்ப் பக்கம் ஷெல் சத்தம். யன்னல் அதிர்கிறது. ஸல்ஹாவின் போன் வேலை செய்யவில்லை.

ஆகஸ்ட் 4

ஸல்ஹாவிடமிருந்து இன்றும் தகவல் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் மண்டைக்குள் ஏறவில்லை. அப்பா துறைமுக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்: "மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்து போகுதாம்."

அவளும் அதற்குள் இருப்பாள். இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

ஸல்ஹா கதைத்தாள்! யாரோ ஒருவரின் போனில். கந்தளாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். அவளுடைய வாப்பாவின் காலில் ஷெல் துண்டு பட்டு ஆசுப்பத்திரியில். வாப்பா எப்படி, உம்மா எப்படி, சாப்பாடு இருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"அதெல்லாம் கேக்காத குணேஸ். ஒரு கேள்வி கேளு. பரீட்சைக் கேள்வி."

கேட்டேன். ஒரு கம்பனியை முழுதாக வாங்கும்போது பங்குகளின் விலையோடு அதன் கடனைக் கூட்டி, கையிலுள்ள காசை ஏன் கழிக்கிறோம்? பதில் சொல்லிக்கொண்டு போனவளின் குரல் நடுவில் உடைந்தது. நின்று, மூக்கை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு பிழையும் இல்லை.

பிறகுதான் சொன்னாள். "என்ட அடையாள அட்டை வீட்டோட போயிட்டு. அது இல்லாம செக்பொயின்ற் தாண்ட ஏலா. நீ போ."

ஆகஸ்ட் 8

தலை வாரும்போது ஒரு நினைப்பு வந்தது. இடம் ஒன்று, இப்போது போகிறவளும் ஒருத்திதான். சீ. நானா இப்படி நினைக்கிறேன்?

ஆகஸ்ட் 10, கொழும்பு

கேள்வி கேட்க மூன்று பேர் இருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில். தேய்வுக் கேள்விக்குத் தடுமாறாமல் சொன்னேன். பிறகு நரைத்த தாடிக்காரர் என் ஊரைக் கேட்டார். சொன்னதும், அங்கே ஒரு தொழிலுக்குப் பெறுமதி போடு, யுத்தத்தை எந்த இடத்தில் சேர்ப்பாய் என்றார்.

ஸல்ஹாவின் பதிலை அப்படியே சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது நீயாக யோசித்ததா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? வாய் வரை வந்தது.

"இல்லை சேர், என் சிநேகிதியுடையது. அவளும் இன்றைக்கு இங்கே வர வேண்டியவள்." எங்கே, ஏன் அகப்பட்டுக்கொண்டாள் என்பதையும் சொன்னேன். அவள் பேசிய கந்தளாய்த் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. என்ன விசர் வேலை பார்த்தனான்?

ஆகஸ்ட் 25

ஸல்ஹாவுக்குக் கிடைத்துவிட்டது. போனிலேயே பரீட்சை வைத்தார்களாம். சந்தோசம் என்று சொல்லி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

அப்பா வாசலில் நின்றார். "சொன்னதுக்கு வருத்தமோ?"

"இல்லையப்பா. கிடைக்கேல்லை எண்டுதான்."

"அழு. அழுதிட்டு வந்து சாப்பிடு."

ஒக்டோபர் 3

ஸல்ஹா புது அடையாள அட்டை எடுத்துக் கொழும்பு போய்விட்டாள்; இன்று அங்கிருந்து போன் எடுத்தாள். வாப்பா ஊன்றுகோலோடு நடக்கிறாராம். வங்கிக் கந்தோரில் எல்லோரும் இங்கிலீஷில் கெதியாகக் கதைக்கிறார்களாம், பாதி விளங்கவில்லையாம். தாடிக்காரர் என்னைப் பற்றி விசாரித்தாராம்.

"மார்ச்சில இன்னும் ரெண்டு பேர் எடுக்கிறாங்க. இண்டையில இருந்து நான் கேப்பன், நீ சொல்லணும். சரியா?"

முதல் கேள்விக்கே பிழையாகச் சொன்னேன்.

"திரும்பச் சொல்லு," என்றாள்.

சொன்னேன்.