எலுமிச்சம்பழம் கட்டிய ஒயர்

என்னங்க,

பிரிட்ஜ்வாட்டரில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம். உங்கள் டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. “பழசாயிடுச்சும்மா, ஸ்கிராப்புக்குக் குடுத்துடலாம்” என்றான் நம்ம சேரன்.

இன்று சாயங்காலம் இழுத்துப் போக ஆள் வருவதாக இருந்தது. அதற்குள், வண்டி முன்னால் நான் கட்டிய எலுமிச்சம்பழம் மிளகாயையாவது எடுத்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று போனேன். அங்கே ஒரு ஒயர் தொங்குமே, கட்ட வாகாக இருக்கிறதென்று எப்போதும் அதில்தான் கட்டுவேன். அவிழ்க்கும்போது ஒயர் முனையில் இருந்த ரப்பர் மூடி கழன்றது, உள்ளே ப்ளக்!

“வண்டிக்கு எதுக்குடா ப்ளக்கு? இதென்ன மிக்ஸியா?”

சேரன் குனிந்து பார்த்தான். “இன்ஜின் ஹீட்டர்மா! அப்பா ராத்திரி இதைச் சொருகி வெச்சுத்தான் காலைல வண்டி எடுத்திருக்காரு.”

சொருகினோம். உள்ளே எதுங்க சூடாகிறது, எண்ணெயா, தண்ணீரா? நான் போய்ப் போய்க் கை வைத்துப் பார்த்தேன். மத்தியானம் அவன் சாவியைத் திருப்பினான். ஒரு இருமல், பிறகு நீங்கள் கிளம்பும்போது கேட்கும் அதே சத்தம். ஆளை வர வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பழத்தை மறுபடி அதே ஒயரில் கட்டினேன். அப்படியென்றால் தினமும் ராத்திரி அவிழ்த்து, விடிந்ததும் நான் பார்ப்பதற்குள் கட்டியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இந்தக் குளிரில் எனக்கு விரலே மடங்கவில்லை. நீங்கள் எப்படிங்க கட்டினீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி