முழு மனதுடன்

லிமெரிக், அயர்லாந்து
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு ஆனந்தி எழுதுவது.

அவர் புதன்கிழமை நல்லபடியாக வந்து சேர்ந்தார். தனியாகத்தான் வருவார் என்று தெரிந்துதான் விமான நிலையத்துக்குப் போனேன். ஆனாலும் அவர் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த பிறகும், அவர் பின்னால் வந்த பிள்ளைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் செய்தால் மோனிஷாதான் எடுக்கிறாள். அந்த ஒற்றை அறை லயத்து வீட்டில் நீ எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழும். அவள் கேட்கக்கூடாததை எழுதிக்கொள்வோம். இதை உன் தேயிலைப் பாக்டரி விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

வக்கீல் ரிஜின் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நர்ஸ் வேலைக்கு வந்தவள் புருஷனையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். அவருக்கு விசா கிடைத்தது. மோனிஷாவுக்கு மறுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்பா லோகேஷ், அம்மா ஆனந்தி என்று கொடுத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பிச்சைமணி, அம்மா வேலுத்தாய். மதினி போனபின் ஆறு மாதப் பிள்ளையை நான் தூக்கிவந்து வளர்த்தேன் என்றால் மாட்டுப்பட்டியில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். இங்கே அதற்குக் காகிதம் கேட்கிறார்கள்.

இன்னொரு முறை பரிசீலிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் உன் விலாசத்துக்கு வரும். உறையைப் பிரிக்காமல் அடிமாலிக்குக் கொண்டுபோய் ரிஜினிடம் கொடுத்துவிடு அண்ணே. நாம் அவளிடம் சொல்லாத கதையெல்லாம் அதில் இருக்கும். அவள் பெரியவளானதும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

முட்டையில் மஞ்சள் கருவைத் தின்னமாட்டாள். கட்டாயப்படுத்தாதே. மழை நாளில் அவளுக்குக் கால் வலிக்கும், கேட்டால் இல்லை என்பாள். நீயே பார்த்துத் தைலம் தேய்த்துவிடு.

உன் தங்கை,
ஆனந்தி


மாட்டுப்பட்டி
21 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி ஆனந்திக்கும் மாப்பிள்ளைக்கும் பிச்சைமணி எழுதிக்கொள்வது.

இங்கே விடாத மழை. கலெக்டர் லீவு விட்டு நாலு நாளாகப் பள்ளிக்கூடம் இல்லை. மோனிஷாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது நீ பயப்படக்கூடாது.

செவ்வாய்க்கிழமை அந்த உறை வந்தது. பிரிக்காதே என்று நீ எழுதியிருந்தாய். நான் பிரித்தேன். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். மோனிஷா அடுப்புப் பக்கத்தில் சாக்ஸ் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரிய வார்த்தைகளைத் தாண்டித் தாண்டிப் போனாள். விசா இல்லை என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. அப்புறம் நிறுத்திவிட்டு, "மாமா, இதுல அப்பாங்குற எடத்துல ஒங்க பேரப் போட்ருக்காங்க. தப்பாப் போட்டுட்டாங்க. அதான் விசா தரல போல" என்றாள். அம்மாவிடம் சொன்னால் சரி பண்ணிவிடுவார்கள் என்று சந்தோஷமாக வேறு சொன்னாள்.

ஆமாம், தப்பு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சொல்லத்தான் பார்த்தேன். வாயில் வரவில்லை. "தப்பில்ல தாயி" என்றுதான் வந்தது.

அவள் அழவில்லை. காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். சாக்ஸைத் திருப்பிப் போட்டாள். அதற்குமேல் அன்று என்னிடம் பேசவில்லை.

காகிதத்தை மறுநாளே ரிஜினிடம் கொடுத்துவிட்டேன். மேற்கொண்டு கோர்ட்டுதான் என்கிறார்.

இப்படிக்கு,
பிச்சைமணி


லிமெரிக்
8 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உடைமாற்றும் அறையில் நின்று படித்தேன். அதன்பின் எட்டு மணி நேரம் எப்படி வேலை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கிலீஷ் படிக்க அந்த ஊரில் வேறு ஆளே இல்லையா? யூனியன் ஆபீசில் ஆள் இருக்கிறது. டீக்கடை பினு டிகிரி முடித்தவன். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் எதற்குக் கொடுத்தாய்?

மூன்று வாரமாக அவள் போனுக்கு வரவில்லை. ஹோம்வொர்க் இருக்கிறதாம். எட்டு வருஷமாகக் காய்ச்சலென்றும் பல் வலியென்றும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் பேச அவளுக்கு நேரமில்லை. நானே சொல்லியிருந்தால் மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டாய்.

ரிஜினிடம் பேசினேன். நீ அவளை எங்களுக்குத் தத்துக் கொடுப்பதாகப் பத்திரம் எழுதி, கோர்ட்டில் நேரில் வந்து சொல்லவேண்டும். உத்தரவு கிடைத்தால் திரும்ப விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும் என்கிறார். அக்டோபர் பதினான்கு, தொடுபுழா. நானும் அவரும் இங்கிருந்தே வீடியோவில் வருகிறோம். பாக்டரியில் இப்போதே லீவு சொல்லிவை.

ஆனந்தி


மாட்டுப்பட்டி
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டதில் தப்பில்லை. பினு இருந்தான். கூப்பிடு தூரத்தில்தான் கடை. பாக்டரியில் தேயிலை டிரையர் முன்னால் நிற்கும் நேரமெல்லாம் இதைத்தான் யோசித்தேன். அவளாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு ஆசை இருந்திருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இப்போது பேசுகிறாள். ஆனால் மாமா என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதும் இல்லை. "இந்தாங்க", "கேட்டீங்களா" என்றே ஓட்டுகிறாள். தலை பின்னப் பழகிவிட்டேன். முதலில் கோணலாக வந்தது, பள்ளிக்கூடத்தில் சிரித்தார்களாம். பக்கத்து லயத்து அக்கா இரண்டு நாள் காட்டிக்கொடுத்தாள். இப்போது சரியாக வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, "அவுங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். வேலுத்தாயைத்தான். கல்யாணப் படமெல்லாம் பெருமழை பெய்த வருஷம் கூரை ஒழுகியதில் நனைந்து ஒட்டிப்போனது உனக்குத் தெரியும். இருப்பது ஓட்டர் கார்டு ஒன்றுதான். அதில் உள்ள முகம் யாருக்குத்தான் சரியாக இருந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோவமா இருக்காங்களா?" என்றாள். இல்லை, வரிசையில் ரொம்ப நேரம் நிற்கவைத்துவிட்டார்கள், கால் வலி என்றேன். சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. போனில் உன் குரல் கேட்டால் அழுகை வந்துவிடும் என்றுதான் வராமல் இருக்கிறாள். இதை நான் உனக்குச் சொன்னது தெரிய வேண்டாம்.

கோர்ட்டுக்குக் கட்டாயம் வருவேன். பத்திரத்தை ரிஜின் வாசித்துக் காட்டினார். 'முழு மனதுடன்' என்று ஒரு வரி அதில் வருகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீ கவலைப்படாமல் வேளாவேளைக்குச் சாப்பிடு.

பிச்சைமணி


லிமெரிக்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்தில் உன்னை நலம்கூட விசாரிக்காமல் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை மோனிஷா பேசினாள், முக்கால் மணி நேரம். பள்ளிக்கூடம், அட்டைப்பூச்சி, அணைப் பக்கம் வந்த யானை என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "நீங்க என்னப் பெக்கலன்னா நான் ஏன்மா ஒங்க ஜாடையில இருக்கேன்?" என்று கேட்டாள். அம்மா என்றுதான் கூப்பிட்டாள் அண்ணே. உன் அப்பா மூக்கும் என் மூக்கும் ஒன்றுதானே என்று பதில் சொன்னேன். உன் அப்பா என்று நான் உன்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

அவளுக்கென்று சின்ன அறை ஒன்றை ஒழித்து வைத்திருக்கிறோம். இவர் ஓட்டல் சமையல் வேலை முடித்து வந்து, அவராகவே சுவருக்கு மஞ்சள் அடித்தார். பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டது. பதினான்காம் தேதி முடியட்டும். அதற்குமேல் இதைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது.

தங்கை,
ஆனந்தி


மாட்டுப்பட்டி
16 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

அன்றைக்கு வீடியோ பாதியில் நின்றுபோனதால் நடந்தது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. ரிஜின் போனில் சொல்லியிருப்பார். என் பங்குக்கு நானும் சொல்லவேண்டும்.

விடியுமுன் கிளம்பி மூணாறில் பஸ் பிடித்தோம். மோனிஷா வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நேரியமங்கலம் தாண்டியபின் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தொடுபுழாவில் இறங்கி முகம் கழுவிவிட்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

ஜட்ஜு ஒரு அம்மா. நல்ல மாதிரி. முதலில் மோனிஷாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளாகவே சொன்னாள். எங்கே இருக்க ஆசை என்று ஜட்ஜு கேட்டார்களாம். அம்மா இங்கே வந்துவிட்டால் போதும் என்று இவள் சொன்னாளாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பேர், வேலை, வேலுத்தாய் எப்போது இறந்தாள், எல்லாம் மலையாளத்தில் கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் பத்திரத்தைக் கையில் எடுத்து, யாரும் வற்புறுத்தாமல் முழு மனதுடன்தான் பிள்ளையைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இதற்கு ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று ரிஜின் மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் வழியெல்லாம் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் போனேன்.

"மனசோட இல்லீங்கம்மா. ஆனா குடுக்குறேன்" என்றேன்.

ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். ரிஜின் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. தங்கச்சிதான் வளர்த்தாள், அங்கே போனால் பிள்ளைக்கு நல்ல படிப்பு, அதனால் கொடுக்கிறேன், அது போதாதா என்று கேட்டேன். சட்டத்துக்கு அது போதாதாம். யோசித்துவிட்டு வாருங்கள் என்று டிசம்பர் ஒன்பதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

உனக்குத் துரோகம் செய்யவேண்டும் என்று போகவில்லை ஆனந்தி. சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த தடவை சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தைதானே. நீ சொல்லச் சொன்னால் சொல்வேன்.

பிச்சைமணி


லிமெரிக்
10 நவம்பர் 2024

என் அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்குமுன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் இரண்டிலும் உன்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடு என்று எழுதியிருந்தேன். அதை உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

இவர்தான் கேட்டார். "மச்சான் அன்னைக்கு ஒரு தடவ வந்தாரே, ஞாபகம் இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். தபால்பெட்டி வரை போய்த் திரும்பிவந்தேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்ததே இல்லை. மோனிஷாவுக்கு அப்போது இரண்டு வயது. நீ மூணாறு வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை வந்தாய். சலவை செய்த சட்டை. கையில் பெரிய பை, அதில் புதுக் கம்பளி, சின்னச் செருப்பு. குடிப்பதை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று நீயாகச் சொன்னாய். பக்கத்து லயத்து அக்கா பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள் என்றாய். எதற்கு வந்தாய் என்று நீ வாய் திறக்கும் முன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல், தூங்குகிறாள் என்றேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை அண்ணே. உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். நீ டீயைக் குடித்துவிட்டு, பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாய். மதினி போன அன்று, கொஞ்ச நாளைக்கு வச்சிரு ஆனந்தி என்றுதான் நீ சொன்னாய். அதையும் நான் மறக்கவில்லை.

அதன்பிறகு நீ கேட்கவே இல்லை. மாமாவாக வந்து, மாமாவாகத் திரும்பிப் போனாய். விசா மறுத்தவர்களைத்தான் இத்தனை நாள் கரித்துக் கொட்டினேன். ஏழு வருஷம் முன்னால் உனக்கு நான் மறுத்தேன். எந்தக் காகிதமும் கேட்காமல் நீ போய்விட்டாய்.

உன் வாயிலிருந்து அந்த ஆமாமை நான் வாங்கமாட்டேன். மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி ரிஜினுக்கு எழுதிவிட்டேன். ஒன்பதாம் தேதி நீங்கள் தொடுபுழா போகவேண்டாம். பள்ளிக்கூடத்திலும் ஆதாரிலும் அப்பா, அம்மா பெயரைத் திருத்த எங்கள் இரண்டு பேருடைய சம்மதக் கடிதமும் வேண்டுமாம். கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறோம். இவர் போட்டுவிட்டு எழுந்து வெளியே நடக்கப் போனார். நான் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நல்ல மனதோடு செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். நீ கோர்ட்டில் சொன்னதுதான் எனக்கும். மனதோடு இல்லை. ஆனால் கொடுக்கிறேன்.

ஏப்ரலில் ஆறு வாரம் லீவு கேட்டிருக்கிறோம், கிடைத்துவிடும். அவள் இனி உன்னிடம்தான் என்பதை மோனிஷாவிடம் நேரில் நானே சொல்கிறேன், அதையாவது எனக்கு விட்டுவை. என்னை எப்படிக் கூப்பிட அவள் வாயில் வருகிறதோ அப்படியே கூப்பிடட்டும், நீ திருத்தவேண்டாம். உன்னை அவள் என்றைக்காவது அப்பா என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுது. நான் அழுவேன் என்று மறைக்காதே.

ஸ்வெட்டர் பழையது கையில் ஏறாமல் போயிருக்கும். இந்தக் குளிர் முடியுமுன் ஒன்று பின்னி அனுப்புகிறேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை நூல் வைத்து அளந்து, அந்த நூலையே உறையில் வைத்து அனுப்பு.

உன் தங்கை,
மோனிஷாவின் அத்தை,
ஆனந்தி