ஆகஸ்ட் பதினாறில் எடுத்த தண்ணீர்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.
11.2.2007

அன்புள்ள தம்பி அரிகிருஷ்ணனுக்கு,

தாமரைச்செல்வி அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஏனாமில் குழந்தைக்குச் சளி விடவில்லை என்று போன வாரம் சுமலதா போனில் சொன்னாள். ஆற்றுக்காற்று உள்ள ஊர். காலையில் தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று சொல். போனில் பேச முடியாத ஒன்று இருப்பதால்தான் இந்தக் கடிதம். தனியாக இருக்கும்போது படி.

இந்த வருஷம் எனக்குக் கிடைத்த தணிக்கை வேறு மாதிரி. சுற்றுச்சூழலுக்காக அரசு கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்க வேண்டும். ஆண்டறிக்கையில் எல்லாவற்றுக்கும் நேரே 'நிறைவேறியது' என்று இருந்தது. எல்லாமே நிறைவேறிவிட்ட அறிக்கையை நான் நம்புவதில்லை. அதனால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். கடலோரத்தில் பன்னிரண்டு கண்காணிப்புக் குழாய்க்கிணறுகள். மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்து உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் அந்தத் தெருக்களுக்கு வெளியிலிருந்து குடிநீர்க் குழாய் போட வேண்டும். 2005ஆம் ஆண்டு ஆய்வறிக்கையில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. எல்லாக் கிணற்றிலும் நல்ல தண்ணீர்.

பதிவேட்டை வாங்குவதற்கு முன்னால், அந்த ஆய்வறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கடலோரத்து உப்பளம் பகுதிக்குப் போனேன். கிணற்றின் இரும்பு மூடி துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் ஒரு பாவாடை காய்ந்தது. எதிர்வீட்டு அஞ்சலாட்சி வந்து அதை எடுத்துக்கொண்டாள். இதைத் திறந்து பார்க்க யாராவது வருவார்களா என்று கேட்டேன். "நான் வாக்கப்பட்டு வந்து ஆறு வருஷமாவுது மேடம், ஒருத்தரும் தொட்டதில்ல. எங்க வூட்டு போர் தண்ணில சோறாக்கனா உப்பே போட வேணாம். அந்த ஒரு செலவு மிச்சம்" என்றாள். கூடவே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தினமும் இரண்டு தெரு தாண்டிப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

மறுநாள் பதிவேடு வந்தது. ஒவ்வொரு தாளிலும் உன் கையெழுத்து. ஏனாமுக்கு மாற்றலாகும் முன் அந்தத் துறையில் நீ எந்தப் பிரிவில் இருந்தாய் என்று நான் கேட்டதில்லை, நீ சொன்னதுமில்லை.

நூற்று நாற்பத்து நான்கு தாள்கள். எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. சில தாள்களில் எண்கள் கீழிறங்கி உன் கையெழுத்தின்மேல் ஏறியிருக்கின்றன. கையெழுத்து முதலில், எண்கள் பிறகு. எழுதியவர் கவனமானவர். ஞாயிறு, பொங்கல், தீபாவளி, ஆகஸ்ட் பதினைந்து எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டார். பிறகு ஆகஸ்ட் பதினாறாம் தேதி பன்னிரண்டு கிணறுகளிலும் தண்ணீர் எடுத்ததாக எழுதிவிட்டார். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அந்த நாளில் நம் ஊரில் ஓர் அலுவலகமும் திறந்திருக்காது என்று சென்னைக் காலண்டர் அவருக்குச் சொல்லவில்லை. நம் ஊர்க்காரன் எவனும் செய்யாத பிழை. தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்த சென்னை நிறுவனம்தான் எழுதியிருக்கிறது. நீ வெற்றுத் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். சோம்பேறித்தனம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ, சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான். அந்த ஆகஸ்ட் பதினாறு நீ எங்கே இருந்தாய் என்று நினைவு வந்தது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை என்று சுமலதாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்திருந்தாய். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிவிட்டு, கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாய். "இந்தத் தண்ணிய வுட்டுட்டு எங்கயும் போயிடாதக்கா. உப்பளம் பக்கம்லாம் முடிஞ்சி போச்சி" என்றாய். அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது கேட்கிறேன். மூடியே திறக்காத கிணற்றின் தண்ணீர் முடிந்துபோனது உனக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?

வெள்ளிக்கிழமை கோப்பை என் மேலதிகாரி விஜயராகவனிடம் ஒப்படைத்துவிட்டேன். கையெழுத்து என் தம்பியுடையது, இனி நான் இதைப் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்ட் பதினாறைப் பற்றியும் எழுதினேன். நீ அன்று என் வீட்டில் இருந்ததையும் சேர்த்துத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசி இரண்டு வரி கட்டாயம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். விளக்கம் கேட்டு உனக்கு நோட்டீஸ் அன்றே தபாலில் போய்விட்டது. முன்கூட்டியே எச்சரித்தேன் என்று யாரும், நீயும்கூட, நினைக்கக் கூடாது. அதற்காகவே இதை நாளைக்குத்தான் தபாலில் சேர்ப்பேன்.

தாள்களைக் கேட்டு வாங்கியவர் யார் என்று உனக்குத் தெரியும். அவர் பெயரை எழுதுவாயா, மறந்துவிட்டதாக எழுதுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் உன்னைப் பற்றி இப்படிச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். வேலை போகலாம். போனால் குழந்தையோடு இங்கே வந்துவிடுங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. என்ன எழுதினாலும் அதை எழுதும்போது அந்த ஒரு சொம்புத் தண்ணீரை நினைத்துக்கொள்.

குழந்தை நன்றாக வளரட்டும். நீ என் வீட்டுக்கு வந்தால் என் முகம் பார்த்துப் பேசும்படியாக இருக்கட்டும்.

உன் அக்கா,
தாமரைச்செல்வி