அவர் திட்டம் போடாத ஊர்

மார்ச் 3, திங்கள்

கப்பல் ஏறி இரண்டாவது நாள். அறை எங்கள் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு கட்டில், ஒரு வட்ட ஜன்னல், ஒரு நாற்காலி. எதிர்க் கட்டிலில் ரேடியோ குறட்டை விடுகிறாள்.

ரேடியோ என் நாத்தனார். அவள் அண்ணன் வைத்த பெயர் அது. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். தாடை வீங்கி வாயைத் திறக்க முடியாதவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியதால், பதில் எதிர்பார்க்கிற வழக்கமே அவளுக்கு இல்லை.

அந்தக் கட்டில் என் வீட்டுக்காரருடையது. எங்கள் முப்பதாவது திருமண நாளுக்காக அவர் பதிவு செய்த பயணம் இது. போன ஜூலையில் ஒருநாள் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் தெருமுனை தாண்டவில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் நாற்காலி எட்டு மாதமாகக் காலி. கப்பலுக்கும் வர மாட்டேன் என்றேன். ரேடியோ அவர் டிக்கெட்டைத் தன் பெயருக்கு மாற்றி, என் பெட்டியைக் கட்டி, டாக்சியையும் கூப்பிட்டுவிட்டாள்.

"அறைக்குள்ளயே உட்கார்ந்திருங்க அண்ணி. யாரு வேணாம்னா? அதைக் கப்பல்ல வந்து உட்காருங்க."

சரி. அதைத்தான் செய்யப் போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் துறைமுகம். நான் இறங்கவில்லை.

அவர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எதையும் திட்டம் போடாமல் செய்ய வராது. போன வருடம் அவர் இருந்தவரை இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பயணம்தான் பாடம். உப்புக் குப்பி கப்பல். கரண்டி துறைமுகப் பாலம். "இறங்கினதும் வலது பக்கம். டிராம் நிக்கும். நாலாவது நிறுத்தம். இந்தா, இந்தத் தட்டு பக்கமா." எனக்கு ஒவ்வொரு ஊரும் மனப்பாடம்.

இறங்கினால் என்ன ஆகும்? வலது பக்கம் திரும்புவேன். டிராம் நிற்கும். அவர் இருக்க மாட்டார். அதைப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் போய் வர வேண்டுமா? ரேடியோ தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகவே போனாள்.

இரவு சாப்பாட்டு மேசையில் பக்கத்து அம்மாள் கேட்டார், "வீட்டுக்காரர் வரலையா?" என் வாய் தானாகச் சொன்னது: "அறையில படுத்திருக்கார். கடல் ஒத்துக்கலை. அதான் நானும் இறங்கலை." ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் எல்லோரும் கரண்டியைக் கீழே வைப்பார்கள். முகத்தை மாற்றுவார்கள். அதற்கு நான் வேறு அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். போதும் எனக்கு.

எழுந்து வரும்போது பரிமாறுகிறவர் ஒரு மூடிய தட்டை நீட்டினார். நெடிய ஆள். கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்து ஒரு கண் உயரமாகவும் ஒரு கண் தாழ்வாகவும் தெரிகிறது. வாங்கி நிமிர்த்திவிடக் கை பரபரத்தது எனக்கு. "சாருக்கு. சூப்பும் ரொட்டியும். லேசாத்தான் இருக்கும், வயித்துல நிக்கும்" என்றார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 5, புதன்

முழு நாளும் கடல். இன்றும் தட்டு வந்தது. ரேடியோதான் சாப்பிட்டாள். "அண்ணன் பேரைச் சொல்லி ரெண்டு சாப்பாடு" என்று சிரித்தாள். பாதியில் கரண்டியை வைத்துவிட்டு முகம் கழுவப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது துறைமுகம். இறங்கவில்லை. கப்பலே காலி. நீச்சல் குளத்தில் ஒரே ஒரு பெரியவர் மிதந்துகொண்டிருந்தார். பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாலையில் ரேடியோ வெயிலில் கறுத்து, கால் தேய்ந்து வந்தாள். போட்டோ காட்ட போனை நீட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"உன் அண்ணன் போய் எட்டு மாசம்தான் ஆகுது. உனக்கு எப்படிடி ஊர் சுத்த மனசு வருது?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். படுத்துவிட்டாள். திருப்பி என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். திட்டவில்லை. என் நாக்கில் சனி.

மார்ச் 7, வெள்ளி

தாலாட்டுகிறேன் பேர்வழி என்று கப்பல் நேற்று இரவிலிருந்து எங்களைப் புரட்டி எடுக்கிறது. குளியலறைக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்கிறது.

மத்தியானம் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். நாளைக்குப் போக வேண்டிய ஊரில் பேய்க்காற்று. அங்கே போக முடியாது. அதற்குப் பதிலாக வேறு ஓர் ஊர். அட்டவணையில் இல்லாத ஊர். பெயரை இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் என் காதில் நிற்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே முணுமுணுப்பு. "பேரே கேள்விப்படாத ஊர்ல என்ன இருந்துடப் போகுது?" என்றார் பக்கத்து அம்மாள்.

நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கே காரணம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. இந்த ஊருக்கு அவர் பாடம் எடுக்கவில்லை. உப்புக் குப்பி இங்கே வந்ததே இல்லை. வலதா இடதா, எத்தனையாவது நிறுத்தம், ஒன்றும் எனக்குத் தெரியாது.

நாளைக்கு இறங்கினால்?

சும்மா ஒரு கேள்விதான்.

ரேடியோ இன்னும் பேசவில்லை. எது கேட்டாலும் 'ம்'. அவள் பேசாததால் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒருநாள் எழுதுவேன் என யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மார்ச் 8, சனி, காலை

கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. துறைமுகம் சின்னதாம், கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிறது, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டு போகிறார்கள். ஜன்னலில் ஊர் தெரிகிறது. சரிவில் வீடுகள். ஒரு கொடியில் வெள்ளைத் துணி. பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

திரும்பினால் ரேடியோ இன்னும் போர்வைக்குள்.

"நீ கிளம்பலையா?"

"போகலை அண்ணி."

"ஏன்?"

"எங்கே போறது? அண்ணன் இந்த ஊரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

எனக்குப் புரியவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு மட்டுமா பாடம் எடுத்தாரு? ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கும் போன்ல அதேதான். முதல் ஊர்ல வலது பக்கம் திரும்பி டிராம் ஏறினேன். ரெண்டாவது ஊர்ல அவர் சொன்ன மீன் சந்தை. வழியெல்லாம் அவர் கூடவே நடக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு யாரு கூட நடக்கிறது?"

அடிப்பாவி. நான் அவர் இல்லாத டிராமுக்குப் பயந்து அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இவள் அவரைத் தேடிக்கொண்டு அதே டிராமில் ஏறியிருக்கிறாள். இவளைப் பார்த்தா கேட்டேன் அந்தக் கேள்வியை? அதுவும் அந்தக் குரலில்?

"மன்னிச்சுக்கோ" என்றேன். முப்பது வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு.

"எதுக்கு அண்ணி?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள். சொல்ல வைத்துத்தான் விட்டாள்.

இன்னும் காலைதான்

சாப்பிடப் போனோம். பரிமாறுகிறவர் உற்சாகமாக வந்தார். "இன்னைக்குக் கப்பல் அசையவே இல்லை பாருங்க. சாரையும் கூட்டிட்டு இறங்குங்க. இத்தனை நாள் அறைக்குள்ளயே இருந்தா எப்படி?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதற்குள் அவர் குனிந்து காப்பி ஊற்ற, கண்ணாடி இன்னும் சரிந்தது. என்னால் முடியவில்லை. "அதைக் கழட்டிக் கொடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார். காதில் மாட்டும் கம்பி ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மெல்ல அழுத்தி நிமிர்த்தினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கண்ணாடி என் கையில். கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அவர் இல்லைங்க. போன ஜூலையில தவறிட்டார்."

பரிமாறுகிறவர் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு தயங்கி, "அப்போ அந்தத் தட்டெல்லாம்?" என்றார்.

ரேடியோ கையை உயர்த்தினாள்.

"சாருக்கு நல்லாப் பசிக்குது, சீக்கிரம் எழுந்திடுவார்னு சமையலறையில நாங்க சந்தோஷப்பட்டோமே" என்றார் அந்த மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்குப் பிறகு எது எதுவென்று தெரியவில்லை. ரேடியோவும் அப்படித்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களை நேராகப் பார்த்தார். "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கம்மா" என்றார்.

கூடத்தின் வாசலிலேயே படகுக்கு எண் எழுதிய ஒட்டுச்சீட்டு கொடுக்கிறார்கள். இரண்டு வாங்கி ஒன்றை அவள் சட்டையில் ஒட்டினேன். மற்றதை எனக்கு ஒட்டிக்கொண்டேன். எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போகலாமா? எதற்கு? தெரிந்தவர் யாருமில்லை, பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. இவளுக்கோ என்னைவிடப் பயம், சீட்டைப் பிய்ப்பதும் ஒட்டுவதுமாக இருக்கிறாள். இரண்டு பேரில் ஒருத்தி முன்னால் நடந்தாக வேண்டும்.

கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்ச் 8, மாலை

எங்கிருந்து தொடங்க?

வெளியேறும் கதவருகில் அறைச் சாவி அட்டையை வைத்ததும் இயந்திரம் 'டிங்' என்றது. படகு மேலும் கீழும் ஆடுகிறது. படகுக்காரர் கையை நீட்டி, "கீழே பார்க்காதீங்க, என்னைப் பாருங்க" என்றார். எனக்குப் பின்னால் ரேடியோ என் பையைப் பிடித்து இழுக்கிறாள். "அண்ணி, வேணாம், திரும்பிடலாம்." நான் காலைத் தூக்கி வைத்துவிட்டேன். பை என் தோளில், பையோடு அவளும் வந்து சேர்ந்தாள்.

கரையில் இறங்கினதும் இரண்டு பேரும் நின்றோம். வலதா இடதா? யாரும் சொல்லவில்லை. "மேலே" என்றேன் நான். ஏறினோம்.

என்ன பார்த்தோம்? ஒரு பெண் மாடியில் போர்வையை உதற, தூசி முழுக்க எங்கள் தலையில். ஒரு கடை வாசலில் வாளிகளும் ஏணிகளும். பள்ளி மைதானத்தில் பந்தாட்டம். அடுத்த திருப்பம், அதற்கடுத்த திருப்பம். எங்கேயும் அவருக்கென்று காலியாக ஓர் இடம் இல்லை. நான் நன்றாக மூச்சு விட்டேன். மேலே போகப் போக ரேடியோவும் பேச ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் போனைப் பார்த்து அலறினாள். "அண்ணி! அஞ்சு மணி! கடைசிப் படகு அஞ்சுக்கு!" ஓடினோம். ஐம்பத்தாறு வயதில் நான் சரிவில் ஓடியதைப் பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கப்பல் போய்விட்டால்? பெட்டி, மாத்திரை, எல்லாம் உள்ளே.

படகுத்துறையில் கூட்டமே இல்லை. படகுக்காரர் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா. போன் இந்த ஊர் நேரத்துக்கு மாறியிருக்கும். கப்பல்ல இப்போ நாலுதான்."

டைம் கீப்பர் பெண்டாட்டி ஒருத்தி, தங்கை ஒருத்தி. இரண்டு பேருக்கும் மணி பார்க்கத் தெரியவில்லை. அவர் மட்டும் இதைப் பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அதை நினைத்து நான் சிரித்தேன். அவரை நினைத்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாக. வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

மீதி ஒரு மணி நேரத்துக்கு மறுபடி ஊருக்குள் போனோம். முதல் சந்திலேயே ஒரு கண்ணாடிக் கடை. கால் தானாக உள்ளே போனது. கல்லாவில் இருந்த பெண் கண்ணுக்கே தெரியாத சின்னத் திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து தேடினேன். அப்புறம் ஃபிரேம், லென்ஸ் என்று பாதி சைகையிலேயே என்னென்னவோ பேசினோம். ரேடியோ வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தா, கடைசியில இங்கயா? கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சும்மாவா சொன்னாங்க!"

யாரைப் பார்த்துக் கழுதை என்கிறாள்! நாளைக்குக் கேட்கிறேன். இன்று கேட்க மனமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடல். கால் இரண்டும் கட்டை. தட்டு வரவில்லை, ரேடியோவுக்குத்தான் வருத்தம்.

மார்ச் 10, திங்கள்

கடைசித் துறைமுகம். இது அவர் பாடம் எடுத்த ஊர். ரேடியோ காலையில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். நான் தலையை வாரிக்கொண்டு, "ரெண்டு தண்ணி பாட்டில் எடுத்துக்கோ. மலைமேல கோட்டை. நிழலே கிடையாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

அவர் சொன்ன பேருந்து. அவர் சொன்ன நிறுத்தம். பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பார்த்தேன். ரேடியோ எழுந்து வந்து அதில் உட்கார்ந்தாள். அப்போதும் காலியாகத்தான் இருந்தது. அப்படியே போனோம்.

கோட்டைப் படிகளில் பாதியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். "முட்டி விட்டுப் போச்சு. நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க." நான் தனியாக ஏறினேன். மேலே காற்று காதை அடைத்தது. கீழே கடல், துறைமுகம், விரல் நீளத்துக்கு எங்கள் கப்பல். அவர் மேசையில் வரைந்து காட்டினது அத்தனையும் அதே இடத்தில் இருந்தது. மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சத்தமாக அழுதேன். ஏன் வரலை நீங்க? ஏன் வரலை? பக்கத்தில் போட்டோ எடுத்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அழுது முடித்ததும் நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கினேன்.

ரேடியோ என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "எப்படி இருந்துச்சு அண்ணி?"

"உங்க அண்ணன் சொன்ன அளவுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன். "நாளைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்றேன் அவர்கிட்ட."