விளிம்பு உள்ள அடாப்டர்

11.9.2024

அடாப்டர் வந்துவிட்டது. கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு பழைய லென்ஸை அதில் திருகி, கேமராவில் மாட்டி, வாசலுக்கு ஓடினேன். முதலில் கவிப்ரியாவை நிற்கவைத்து ஒரு படம். ஆகா! தலை வாராத என் மகள் என்னமாய் வந்திருக்கிறாள். அடுத்து எதிர் வயலின் கடைசி வரப்பில் நிற்கிற தென்னை. வளையத்தைத் திருப்பினேன், திருப்பினேன், முட்டி நின்றுவிட்டது. தென்னை தெளியவே இல்லை.

அடாப்டர் மயிரிழை கனம் கூடுதல். பழைய லென்ஸுக்கும் இந்தக் காலத்து மிர்ரர்லெஸ் கேமராவுக்கும் நடுவில் இருக்கவேண்டிய தூரத்தை இந்த வளையம்தான் சரிக்கட்டவேண்டும். அது கூடிப்போனால் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது தெரியாது. சனியன். திருப்பி அனுப்பவேண்டும்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து என் பொண்டாட்டி அனு பேசினாள். ஆஸ்பத்திரி வேனில் ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இருக்கிற லென்ஸ் பத்தலையாங்க?"

"அதுல எல்லார் மூஞ்சியும் பிளாஸ்டிக் மாதிரி வருது."

"சரி. அப்புறம்? வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல. நாங்க நல்லா இருக்கோம்."

15.9.2024

நல்லா இருக்கோமாம். எனக்கே சிரிப்பு வருகிறது.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்கு இந்தப் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அங்கே இருக்கிறவர்களைக் கலங்கவிடக்கூடாது. காய்ச்சலா, சொல்லாதே. வெள்ளமா, வடிந்த பிறகு சொல். ஏங்குகிறாயா, அதை மட்டும் சொல்லவே சொல்லாதே. என் பெரியப்பா வீட்டில், எதிர்வீட்டில், எங்கும் இப்படித்தான். என்ன, அங்கெல்லாம் ஆம்பளை போயிருக்கிறான். எங்கள் வீட்டில் பொம்பளை போயிருக்கிறாள். நர்ஸ் வேலை. இரண்டாவது ஒப்பந்தம் முடியப்போகிறது. மறுபடி போடுவதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று டிசம்பருக்குள் சொல்லவேண்டுமாம். சொன்னாளே தவிர, எதைச் செய்யப்போகிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

28.9.2024

இந்த லென்ஸ் எதற்கு என்று யாராவது கேட்டால் தொழிலுக்கு என்பேன். பாதிப் பொய்.

ஸ்டுடியோவில் நான் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் ஒருநாள் தியாகேசன் மாமா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப போட்டோ வேண்டுமாம். கடைக்கு டிஜிட்டல் எடுத்தேன். என் ஆசைக்கு, பழைய கேமராவில் இந்த ரஷ்ய லென்ஸை மாட்டி பிலிமில் ஒன்று. "எத்தனை தடவைங்க எடுப்பீங்க, கழுத்து வலிக்குது" என்று முறைத்தாள் அனு. அந்த முறைப்போடுதான் படம் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன ஆயிற்றோ, எனக்கு ஆகிவிட்டது. அப்புறம் மாமாவைச் சம்மதிக்கவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

அந்தக் கேமரா வெள்ளத்தில் போயிற்று. லென்ஸ் தப்பியது. இப்போது வீடியோ காலில் பார்க்கிற அனு முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஜனவரியில் அவள் லீவில் வருவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

7.10.2024

இரண்டாவது அடாப்டர். தென்னை தெளிந்துவிட்டது! ஓலை ஓலையாகத் தெரிகிறது! கவிப்ரியாவுக்கு ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தேன். "என்னப்பா, லாட்டரியா?" என்கிறாள்.

10.10.2024

தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்.

திருக்கடையூரில் இன்று ஒரு சஷ்டியப்த பூர்த்தி. கோவில் மண்டபத்தில் வழக்கம்போல் பத்து ஜோடிக்குக் குறையாது, பத்து ஹோமம், பத்துப் புகை. என் ஜோடி திருவாரூர்க்காரர்கள். கலச நீர் ஊற்றி, ஈரம் சொட்ட மாலை மாற்றி, பெரியவர் தாலி கட்டினார். அந்த அம்மா வெட்கப்பட்டார். அறுபது வயதுக்காரர் கட்டுகிற தாலிக்கு அப்படி ஒரு வெட்கம். பழைய லென்ஸில் எடுத்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் மகன் வந்தான். "அண்ணே, அப்பா சூப்பரா இருக்காரு. அம்மா எங்கண்ணே? ஒரே மங்கலா இருக்கே?"

லென்ஸ் முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது. வெளிச்சம் நுழைகிற துளையின் அளவு எண்ணை எட்டுக்குத் திருப்பினாலும் பதினாறுக்குத் திருப்பினாலும் உள்ளே அதைச் சுருக்குகிற தகடுகள் அசையவில்லை. அவ்வளவு திறந்தால் ஒரு முகம்தான் தெளியும், பக்கத்து முகம் கரைந்துபோகும். ஜோடி போட்டோ எடுக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

நல்லவேளை, இன்னொரு கேமராவிலும் எடுத்திருந்தேன். மானம் தப்பியது.

11.10.2024

காரணம் தெரிந்துவிட்டது. இந்த லென்ஸின் பின்பக்கம் குட்டியாக ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை யாராவது அழுத்தினால்தான் தகடுகள் மூடும். பழைய கேமரா அதுவே அழுத்தும். அடாப்டராக இருந்தால் உட்புறம் ஒரு விளிம்பு இருக்கவேண்டும், லென்ஸைத் திருகும்போது அது ஊசியை அமுக்கிக்கொள்ளும். என்னுடையதில் விளிம்பு இல்லை. வெறும் வளையல்.

இணையத்தில் துழாவினேன். சிப் வைத்தது ஒன்று, என்ன லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லுமாம். தேவையில்லை, எனக்குத் தெரியும். உள்ளே கண்ணாடி வைத்தது ஒன்று. பழைய லென்ஸின் குணத்துக்காகத்தானே இத்தனை பாடு, நடுவில் இன்னொரு கண்ணாடியா? விளிம்பு உண்டா என்பதை மட்டும் ஒருத்தனும் எழுதமாட்டேன் என்கிறான்.

13.10.2024

அனுவிடம் சொன்னேன். "இங்க ரூவி கடைத்தெருவுல பெரிய கேமரா கடை இருக்குங்க. வெள்ளிக்கிழமை போய்ப் பாக்குறேன். என்ன பாக்கணும்னு படம் போட்டு அனுப்புங்க" என்றாள். ரொம்ப நேரம் பேசினோம். இவ்வளவு நேரம் பேசி எத்தனை மாதம் ஆயிற்று!

ஒரு உண்மை: இங்கே சென்னையில் தேடினாலும் கிடைக்கும். நான் தேடவில்லை.

18.10.2024

கடையிலிருந்தே வீடியோ காலில் வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம், நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு அடாப்டராகத் தூக்கிக் காட்டினாள். "இதுவாங்க? உள்ள ஒரு பள்ளம் மாதிரி இருக்கு." "பள்ளம் இல்ல, மேடு." "இது மேடா?" கடைக்காரர் மலையாளி, பக்கத்தில் நின்று சிரிக்கிறார். நான் அடாப்டரைப் பார்க்கவே இல்லை. அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒட்ட வெட்டியிருக்கிறாள். கை காய்ந்து கிடக்கிறது. ஒருநாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறாளோ.

சரியானது ஸ்டாக் இல்லை. வந்ததும் சொல்வார்களாம்.

27.11.2024

விடாத மழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல். கவிப்ரியா கஞ்சி வைத்தாள், அடிப்பிடித்த கஞ்சி.

அனுவிடம் மழை நல்ல மழை என்றேன்.

12.12.2024

இன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆபீஸ்ல கேக்குறாங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். என்ன பண்ணட்டும்?"

தொண்டை வரைக்கும் வந்தது. வந்துடு அனு, போதும். அவ்வளவுதானே, மூன்றே சொல். ஆனால் அங்கே அவள் வார்டு இன்சார்ஜ். அவளுக்குக் கீழே எட்டுப் பேர். இங்கே வந்தால் எந்த நர்ஸிங் ஹோமில் யாரிடம் கைகட்டி நிற்பாள்? என் ஆசைக்காக அவளை இழுக்கலாமா?

"உன் இஷ்டம்மா. நீ எது செஞ்சாலும் எனக்குச் சரி."



"வேற என்னங்க?"

"அந்த அடாப்டர் வந்திருச்சான்னு கேட்டியா?"

"வந்திருச்சு. வாங்கிட்டேன். விளிம்பு இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

22.12.2024

நாகூர் சேக் தாவூது லீவில் வந்திருக்கிறார். அனுவின் ஆஸ்பத்திரியிலேயே லேபில் வேலை. அவர் கையில் அனு பார்சல் கொடுத்துவிட்டிருந்தாள். பஸ் பிடித்துப் போய் வாங்கிக்கொண்டேன். பிரியாணி சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்காரவைத்துவிட்டார்.

கிளம்பும்போது சொன்னார். "அண்ணே, சிஸ்டர் ஒண்ணு சொல்லி விட்டாங்க. அவரு எப்படி இருக்காருன்னு நேர்ல பாத்து எனக்குச் சொல்லுங்க, போன்ல அவரு சொல்றத நம்ப முடியலன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரிண்ணே."

23.12.2024

மாட்டினேன். விளிம்பு ஊசியை அமுக்குகிறது. தகடுகள் கண் இமை மாதிரி மூடித் திறக்கின்றன. தென்னையும் தெளிவு. என்ன ஒரு தேர்வு! என் பொண்டாட்டி கெட்டிக்காரி.

ஆபீஸில் என்ன சொன்னாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டேன். போனில் வேண்டாம். வரட்டும். முகத்துக்கு நேரே சொல்வேன், வந்துவிடு என்று.

11.1.2025

அனு வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். வீட்டுக்குள் அவள் செருப்புச் சத்தம்.

19.1.2025

மாமாவுக்கு எழுபது, பீமரத சாந்தி. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நானே போட்டோகிராபர், நானே மாப்பிள்ளை. அகிலாண்டம் அத்தை அரக்குப் பட்டில் ஜம்மென்று இருந்தார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எடுத்தேன். பெண்ணும் பேத்தியும் கலச நீர் ஊற்றும்போது இரண்டு பெரியவர்களின் முகமும் தெளிவாக விழுந்தது. நடுவில் ஒருதரம் கேமராவை அனு பக்கம் திருப்பினேன். அவள் அப்பா தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை இறக்கிவிட்டேன். படம் எடுக்கவில்லை.

சாயங்காலம் குளக்கரைப் படியில் உட்கார்ந்தோம். இதுதான் நேரம் என்று ஆரம்பித்தேன். "அனு, நீ இனிமே போகவேண்டாம்..."

"கையெழுத்துப் போட்டுட்டேங்க. டிசம்பர்லயே. இன்னும் ரெண்டு வருஷம்."

20.1.2025

எழுதவே பிடிக்கல. ஆனா எங்க போய் சொல்றது?

அழுதுட்டே கேட்டா. "எத்தனை தடவை கேட்டேன்? வேற என்ன, வேற என்னன்னு? ஒரு தடவை வாயத் தொறந்து வான்னு சொன்னீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நான் இல்லாம நிம்மதியா இருக்கீங்கன்னு நெனச்சேன். அடாப்டர், அடாப்டர், அடாப்டர்! அதப் பத்திப் பேசின அளவுக்குக் கூட நம்மளப் பத்திப் பேசலீங்க."

உன் இஷ்டம்னு சொன்னேனே, அது பெருந்தன்மைன்னு நெனச்சேன். அவளுக்கு அது கதவச் சாத்தின மாதிரி இருந்திருக்கு. காய்ச்சல்ல கிடந்தேன்னு கவிப்ரியா போட்டு உடைச்சிட்டா. அதுக்கும் அழுகை. "நர்ஸுகிட்ட மறைக்கிறீங்களே!"

அப்புறம் இன்னொண்ணு சொன்னா. "சரி, நான்தான் வரல. நாலு வருஷத்துல நீங்க ஒரு தடவை வர்றேன்னு சொன்னீங்களா? பாஸ்போர்ட்டாவது எடுத்தீங்களா?"

எனக்கு அப்படி ஒரு நினைப்பே வந்ததில்ல. சத்தியமா வந்ததில்ல. போறவங்க போவாங்க, இருக்கிறவங்க காத்திருப்பாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

8.2.2025

திருச்சி ஏர்போர்ட். பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழையும்போது கத்திவிட்டேன். "அனு, நீ இல்லாம என்னால முடியலடி!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கவிப்ரியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அனு பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "இதைத்தாங்க கேட்டேன்" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள்.

9.2.2025

அறுவடை மிஷின் சத்தம். தலைகாணியில் அவள் எண்ணெய் வாசனை. உறையைத் துவைக்கவேண்டாம் என்று கவிப்ரியாவிடம் சொல்லிவிட்டேன்.

2.3.2025

இப்போதெல்லாம் போனில் சண்டை போடுகிறோம். நேற்று, சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதிலிருந்து ஆரம்பித்து, எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் ஒரு நோயாளி செத்துப்போனதைச் சொல்லி அழுதாள். வைக்க மனமில்லை இரண்டு பேருக்கும்.

19.3.2025

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நாலைந்து பையன்கள், எல்லாரும் துபாய், சிங்கப்பூர். ஏட்டம்மா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை.

"எந்த நாடு?"

"மஸ்கட்டுங்க."

"என்ன வேலைக்கு?"

"வேலைக்கு இல்லீங்க."

"பின்ன?"

"பொண்டாட்டி அங்க நர்ஸா இருக்கா. பாக்கணும்."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"பாக்க மட்டுமா?"

"பாக்க மட்டும்தாங்க."

அதுவரைக்கும் எல்லாரையும் போல நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் பக்கத்து நாற்காலியிலிருந்த பைல் கட்டுகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார்.